தண்ணியில் ஒட்டாத தைலம்

ஏற்காடு ஏரிக்கரையில் யூகலிப்டஸ் தைலம் விற்பவர் அவர். உச்சி வெயிலிலும் குரங்குக் குல்லாதான். யார் வந்து நின்றாலும், கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுத் தைலத்தை விட்டு, அது மிதப்பதைத் தீபாராதனை மாதிரி தூக்கிக் காட்டுவார். “பாருங்க, தண்ணியில ஒட்டவே இல்ல. நொம்ப சுத்தமுங்க!” சுற்றுலாக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக வாங்கிப்போகும்.

வேதியியல் வாத்தியாரான எனக்குப் பொறுக்கவில்லை. “நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க. தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ் இருக்குங்க. அது போலார். எண்ணெய்ல அப்படி இல்ல, அது நான்போலார். அதனாலதான் ரெண்டும் ஒட்டாது. மண்ணெண்ணெயை ஊத்தினாலும் இப்படித்தாங்க மிதக்கும்” என்றேன்.

“அப்படீங்களா? அதென்னங்க பேரு, இன்னொருக்கா சொல்லுங்க” என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால், அவரிடம் முன்னைவிடப் பெரிய கூட்டம். “இது நான்போலார் தைலமுங்க! காலேஜ் வாத்தியாரே நேர்ல பார்த்துச் சொன்னது. அதோ, அவரே வர்றாரு பாருங்க!”

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுக்க வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் எது பொய் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.