தண்ணீரில் நடப்பதற்குக் கட்டம் இல்லை

நீர்த்தர வாரியம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எல்லாரும் பேசுவார்கள். ஒருவர் மட்டும் பேசமாட்டார். அவர்தான் குறிப்பம்மா. மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு சிறிய மேசை, சுருக்கெழுத்து ஏடு, நன்றாகச் சீவிய பென்சில்கள், வாய் திறவாத ஒரு முகம் என்ற அளவில்தான் அலுவலகம் அவரை அறிந்திருந்தது. அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அங்கேயே இருந்தது.

ஆற்றின் எந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாரியம் விதி வகுக்கும். அதற்கு முன் ஊராரைக் கூட்டி, அவர்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். கேட்டதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவான ஒவ்வொன்றுக்கும் வாரியம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பதிவில் இல்லாத பேச்சுக்குப் பதில் இல்லை. காற்றோடு போனது போனதுதான். ஆகவே ஒருவர் பேசி முடித்தவுடன், குறிப்பம்மா தாம் எழுதியதை அவர் முன்னாலேயே படித்துக் காட்டுவார். பேசியவர் திருத்தம் சொல்லலாம். அவர் ஒப்புக்கொண்டு கையொப்பம் இட்ட பிறகுதான் அடுத்தவர் ஒலிவாங்கிக்கு வரலாம்.

ஒருமுறை மீன்பிடிக்கும் ஒருவர் வாரியத்தின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டித் தீர்த்தார். குறிப்பம்மா ஒரு வசையையும் விடாமல் எழுதி, செய்தி வாசிப்பவரைப் போல நிதானமாகத் திரும்பப் படித்தார். பாதியிலேயே அந்த மனிதர் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, வேணாம்மா, அடிச்சிடுங்க அதை" என்று கெஞ்சினார். குறிப்பம்மா ஒவ்வொரு வசையாகக் கோடு போட்டு அடித்தார். கூட்டுவதும் குறைப்பதும் பேசியவரின் உரிமை, எழுதுகிறவரின் உரிமை அன்று என்பதில் அவர் அத்தனை கறாராக இருந்தார்.

வீட்டில் நிலைமை வேறு. அவருடைய கணவர் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பின்வாசலில் நின்று அவர் குரல் கொடுத்தால், அது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட்டுநரின் காது வரைக்கும் போகும். பக்கவாதம் வந்து வலக்கையையும் வலக்காலையும் பிடித்துக்கொண்டபோது, அந்தக் குரலும் கூடவே போய்விட்டது. சொற்கள் வாய்க்குள்ளேயே குழைந்து, வெறும் ஓசையாக வெளியே வந்தன. பார்க்க வந்த உறவினர்கள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, நைசாக நழுவினார்கள். மனைவிக்கு மட்டும் ஒரு சொல் தப்பாமல் விளங்கியது. பிறர் பேச்சைக் கேட்டே சோறு தின்ற காது அது.

தரையில் நடந்தால் அவருடைய வலக்கால் கோடு போட்டுக்கொண்டே வரும். தண்ணீரில் அப்படி இல்லை. மார்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் அவரை ஏந்திக்கொண்டதும், அந்தக் கால் மெல்ல எழும்பி, முன்னே போய், ஊன்றும். நாள்தோறும் விடியற்காலையில், காகித ஆலையின் சங்கு ஊதுவதற்கு முன், தெருக்கோடிப் படித்துறையில் இறங்கிக் கரையோரமாகவே பாலத்தூண் வரை போய்த் திரும்புவார். குறிப்பம்மா துண்டும் கைத்தடியுமாகப் படியில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும் முகத்தில் பழைய நடத்துநர் தெரிவார்.

அந்தப் படித்துறையைப் பற்றிய கோப்பு ஒருநாள் தட்டச்சுக்காகக் குறிப்பம்மாவின் மேசைக்கே வந்து சேர்ந்தது. பாலம் முதல் ஆலை வரை உள்ள ஆற்றுப்பகுதி அதுவரை குளிப்பதற்குரிய நீர் என்ற வகையில் இருந்தது. அதைத் தொழிலுக்கும் பாசனத்துக்கும் உரிய நீர் என்று மாற்றலாம் என்றது வரைவு விதி. கள ஆய்வில் குளிப்போர் எவரும் காணப்படவில்லை என்பது காரணம். வகை இறங்கிவிட்டால், ஆலை தன் கழிவுநீரை இப்போது சுத்தம் செய்யும் அளவுக்குக்கூடச் செய்ய வேண்டியதில்லை. படித்துறைக்குக் கம்பிக்கதவு போட்டு, தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பலகையும் மாட்டிவிடுவார்கள்.

கள ஆய்வாளர் பொய் எழுதிவிடவில்லை. அவருக்கு ஜீப் கிடைப்பதே அலுவலகம் திறந்த பிறகுதான். அந்த நேரத்தில் படித்துறையில் காக்கை குளித்தால் உண்டு. குளிக்கிற மனிதர்கள் எல்லாரும் ஆலைக்குள் வேலையில் இருப்பார்கள்.

குறிப்பம்மா அந்தப் பக்கத்தை ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்து முடித்தார். முடித்த பிறகு, 'குளிப்போர் எவரும் காணப்படவில்லை' என்ற வரியை இன்னொரு முறை படித்தார்.

மறுநாள் காலை, படித்துறையில் மூச்சுக்காரரிடம் பேச்சைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்; ஆலைத் தொழிலாளி. தண்ணீரில் முங்கினால், கரையில் நிற்கிறவருக்கு மூச்சு முட்டும் வரை எழமாட்டார் என்பதால் வந்த பெயர்.

"தம்பி, கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இங்க தினமும் குளிக்கிறேன்னு சொன்னாப் போதும்."

"சொல்றது சுலபம் அண்ணி. மறுநாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, 'நீ ஆத்துலயே இருந்துக்க, இந்தப் பக்கம் வராதே'ன்னுடுவாரு. ஆலையில சம்பளம் வாங்கிக்கிட்டு ஆலைத் தண்ணியைப் பத்தி நான் வாயைத் திறக்கலாமா?"

"யாராவது திறக்கணுமே."

"நீங்க திறங்க. அங்கேயேதானே உக்காந்திருக்கீங்க?"

"நான் எழுதுறவ. பேசக்கூடாது."

"நல்ல உத்தியோகம் போங்க. எனக்குப் பேசினா வேலை போயிடும், உங்களுக்குப் பேசாம இருக்கிறதே வேலை" என்று சொல்லிவிட்டு முங்கிவிட்டார்.

தண்ணீருக்குள் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த கணவர், "நான் வர்றேன்" என்றார்.

"நீங்க வேணாம்."

"ஏன், டிக்கெட் வாங்கணுமா?"

"ஆளாளுக்கு 'என்ன, என்ன'ன்னு கேப்பாங்க. சிரிப்பாங்க."

"கூட்ட நெரிசல்ல சில்லறை கேட்டு நின்னவன் நான். சிரிக்கிறவன், முறைக்கிறவன், தூங்குற மாதிரி நடிக்கிறவன், எல்லாரையும் பாத்தாச்சு."

குறிப்பம்மா துண்டை உதறி மடித்தார். பேச்சு அத்துடன் ஓய்ந்தது என்றே நினைத்துக்கொண்டார்.

கூட்டம் நகராட்சிக் கூடத்தில் நடந்தது. நடத்தியவர் வாரியத்தின் இணை இயக்குநர்; வயதில் இளையவர், குறிப்பம்மாவை அக்கா என்று அழைப்பவர். ஆலையின் சார்பில் வந்த வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டே அளவாகப் பேசினார். ஒருவர் தம் வயலுக்குத் தண்ணீர் வரும் நாளை மாற்றச் சொன்னார். இன்னொருவர் தெருவிளக்கு எரியவில்லை என்றார். அது வேறு துறை என்று சொன்ன பிறகும் அதையே சொன்னார். குளிப்பவர் என்று எவரும் எழவில்லை. நாற்காலிகளில் பாதி காலி.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் ஓசை கேட்டது. கைத்தடி முதலிலும் கால் பின்னாலுமாக, குறிப்பம்மாவின் கணவர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். கஞ்சி போட்ட சட்டை, படிய வாரிய தலை. மனைவியின் பக்கம் பார்க்காமல், ஒலிவாங்கியின் கழுத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு பேசினார்.

கூடத்துக்குக் கேட்டதெல்லாம் ஏறி இறங்கும் ஓசைதான். பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். குறிப்பம்மாவின் காதில் விழுந்தது இது: "நான் அந்தப் படித்துறையில தினமும் தண்ணிக்குள்ள நடக்கிறேன். தரையில எனக்கு நடை கிடையாது, அங்கதான் நடை. அதை மூடிட்டா, அப்புறம் எனக்கு நாற்காலிதான். ஆய்வுக்கு வர்றவங்க ஆலைச் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி ஒருநாள் வந்து பாக்கட்டும்."

பென்சில் ஓடியது. ஓரிடத்தில் மட்டும் தயங்கியது. பதிவுப் படிவத்தில் நீரின் பயன் என்பதன் கீழே ஐந்து கட்டங்கள் உண்டு: குடித்தல், குளித்தல், மீன்பிடித்தல், பாசனம், தொழில். நடப்பதற்குக் கட்டம் இல்லை. எந்தக் கட்டத்திலும் சேராத பேச்சு, பொருந்தாதவை என்ற தலைப்பில் தெருவிளக்கோடு போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். 'நடக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'குளிக்கிறேன்' என்று எழுதினார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் மாற்றி எழுதிய முதல் சொல் அது.

இணை இயக்குநர் முகம் கனிந்து, "ஐயா, மன்னிக்கணும், சரியாக் கேக்கல. எழுதிக் குடுக்க முடியுமா?" என்றார். கணவர் தம் வலக்கையை இடக்கையால் தூக்கிக் காட்டி, மறுபடி தொங்கவிட்டார். இணை இயக்குநர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, பேச்சு விளங்கவில்லைன்னு போட்டுடுங்க" என்றார்.

"எனக்கு விளங்குச்சு மேடம்."

"எப்படி?"

"என் வீட்டுக்காரர்."

வக்கீல் எழுந்தார். குரலில் கடுமை இல்லை. "மேடம், அம்மா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒருத்தர் பேசினது ஒருத்தருக்கு மட்டும்தான் புரியுது, அவங்களே அவர் சம்சாரமாவும் இருக்காங்கன்னா, இதை எப்படிப் பதிவுன்னு ஏத்துக்கிறது?"

கேள்வி நியாயமானதே. இணை இயக்குநர் சற்று யோசித்து, "வழக்கமாச் செய்றதையே செய்வோம். படிங்க அக்கா. ஐயா சொல்லட்டும்" என்றார்.

குறிப்பம்மா படித்தார். "நாள்தோறும் காலையில் அந்தப் படித்துறையில் குளிக்கிறேன்" என்பதற்கு வந்ததும், கணவரின் இடக்கை உயர்ந்தது.

"இல்ல."

அந்த ஒரு சொல் எல்லாருக்கும் விளங்கியது. தொடர்ந்து அவர் ஏதோ சொன்னார். குறிப்பம்மா ஏட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"என்ன சொல்றார் அக்கா?"

சொல்லாமல் விடலாம், வேறொன்றைச் சொன்னாலும் அங்கே கேட்பாரில்லை. குறிப்பம்மா எழுந்து நின்றார். "நான் குளிக்கிறேன்னு சொல்லவே இல்லையே, நடக்கிறேன்னுதானே சொன்னேன், குளிக்க வீட்டுலயே தண்ணி இருக்குங்கிறார். அவர் அப்படித்தான் சொன்னார் மேடம். மாத்தினது நான்."

"ஏன்?"

"நடக்கிறதுக்குக் கட்டம் இல்ல."

வக்கீல் உட்காரப் போனவர், பாதியில் நின்றார். "சரி மேடம். என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். இட்டுக்கட்டுறவங்க தன் கட்சிக்கே குழி பறிக்கிற மாதிரியா இட்டுக்கட்டுவாங்க? ஆனா ஐயா குளிக்கலைங்கிறது மட்டும் பதிவாகட்டும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கணவரும் வாய் ஒருபக்கம் கோணச் சிரித்தார்.

இணை இயக்குநர் சிரிக்கவில்லை. "ஐயா, தண்ணி எது வரைக்கும் இருக்கும்?" கை நெஞ்சுக்குக் கீழே கோடு போட்டது. "தலை நனையுமா?" தலை மறுத்து ஆடியது, கூடவே ஓர் ஓசை.

"ஜலதோஷம் பிடிச்சா இவ திட்டுவாங்கிறார்" என்று குறிப்பம்மா சொல்லி, அதையும் எழுதிக்கொண்டார்.

இணை இயக்குநர் வரைவின் தொடக்கத்தில் சொற்களுக்குப் பொருள் தரும் பக்கத்தைத் தேடி எடுத்தார். குடித்தலுக்கு விளக்கம் இருந்தது, பாசனத்துக்கு இருந்தது. எது குளித்தல் என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. "நெஞ்சளவு தண்ணியில தினமும் நிக்கிறவருக்கு என்ன தரத்துத் தண்ணி வேணும்னு நம்ம விதி சொல்லல வக்கீல் சார். அதுக்குப் பதில் எழுதாம இதை முடிக்க முடியாது. ஆய்வும் ஐயா சொன்ன நேரத்துல இன்னொரு தடவை நடக்கட்டும். நடப்பதுன்னே எழுதுங்க அக்கா. கட்டம் இல்லேன்னா, கையால ஒண்ணு போடுங்க."

குறிப்பம்மா அளவுகோல் வைத்து ஆறாவது கட்டம் போட்டார். அதன் கீழே, 'பதிவு செய்தவர் ஒரு சொல்லை மாற்றி எழுதினார். பேசியவர் திருத்தினார்' என்று ஒரு வரி சேர்த்தார். அதை எழுதும்படி யாரும் கேட்கவில்லை. கணவர் இடக்கையால் கையொப்பம் இட்டார். பார்ப்பதற்கு அது ஆற்றின் வரைபடம் போல இருந்தது.

மறுநாள் குறிப்பம்மா, அந்த ஆற்றைப் பற்றிய கோப்புகளில் தம்மைப் பதிவுக்கு அமர்த்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். "உங்களை விட்டா ஆள் இல்லைன்னு தெரிஞ்சே கேக்கிறீங்க" என்றார் இணை இயக்குநர்.

"தெரிஞ்சுதான் மேடம் கேக்கிறேன்." இணை இயக்குநர் அந்தத் தாளிலேயே ஒப்புதல் எழுதிக் கொடுத்தார்.

கள ஆய்வாளர் ஒரு விடியற்காலையில் தம் சொந்த ஸ்கூட்டரில், கொட்டாவியோடு வந்து சேர்ந்தார். படித்துறை நிறையத் தலைகள் இருந்தன. வந்தவர் யார் என்பது எப்படியோ தெரிந்திருந்தது. அன்று எவருக்கும் கரையேற மனம் வரவில்லை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தண்ணீரில் இருக்க முடியும் அல்லவா? மூச்சுக்காரர் முங்குவதும், வேறோர் இடத்தில் எழுவதுமாக இருந்தார். ஆய்வாளர் எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒரு தலை மட்டும் காணாமப் போய்க் காணாமப் போய் வருது. அதை எப்படிம்மா கணக்குல சேக்கிறது?" என்று குறிப்பம்மாவிடம் கேட்டார்.

"எழும்புறப்போ எண்ணிக்குங்க தம்பி" என்றார் அவர். அந்த ஆற்றின் கோப்பில் தம் கருத்தைச் சொல்ல இப்போது அவருக்குத் தடை இல்லை.

சில மாதங்களில் விதி அச்சாகி வந்தது. இடுப்புக்கு மேல் உடல் நனையும் எந்தப் பயன்பாடும் குளித்தலாகவே கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. படித்துறைப் பகுதி குளிப்பதற்குரிய வகையிலேயே நீடித்தது. கதவும் வரவில்லை, பலகையும் வரவில்லை. ஆலைக்குத்தான் கழிவுநீரை வடிகட்ட இன்னொரு தொட்டி கட்ட வேண்டி வந்தது. அதன் வால்வைப் பார்த்துக்கொள்ளும் வேலை மூச்சுக்காரர் தலையில் விழுந்தது.

"அண்ணன் காலார நடக்கிறதுக்கு நான் கை வலிக்க வால்வு திருப்புறேன் அண்ணி" என்று ஒருநாள் காலையில் தோளை நீவிக்கொண்டே குறைப்பட்டுக்கொண்டார்.

பாலத்தூணைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கணவர், நின்று எதையோ உரக்கச் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் மூச்சுக்காரர்.

"தண்ணி இன்னும் லேசா அரிக்குதாம். இன்னொரு சுத்துத் திருப்பச் சொல்றார்" என்றார் குறிப்பம்மா.