குப்பைக்குப் போன நாற்பத்து மூன்று செய்திகள்

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். ருத்ரண்ணா செத்தது விபத்து என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. ஆனால் அவரைக் காப்பாற்ற எனக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. அதில் நான் என்ன செய்தேன் என்பது என் லேப்டாப்பில் இன்னும் இருக்கிறது.

பெங்களூரு, பீன்யா. ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கு. கடை மென்பொருளையும் கிடங்கு மென்பொருளையும் இணைத்தது நான்தான். அதனால் வந்த தலைவலியும் என்னுடையதுதான். யாராவது ஒரு சட்டையைக் கூடையில் போட்டால் டிங். எடுத்தால் டிங். ஸ்டாக்கில் ஒன்று குறைந்தால் ஆறு பேர் போனில் டிங். 'மாற்றம் எதுவும் இல்லை' என்று சொல்வதற்கே ஒரு டிங். ஒரு நாளைக்குப் பதினோராயிரம். எல்லோரும் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். நிஜமான அவசரத்தையும் யாரும் பார்ப்பதில்லை. தேவையில்லாததையெல்லாம் வெட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதற்கு நான் பிடித்த நாள் ஆயுத பூஜை. அன்று யாரும் எந்த மிஷினையும் தொடமாட்டார்கள். ஆன்லைன் கடைக்கும் அன்று விடுமுறை. ஸ்கேனர், தராசு, கத்தரி எல்லாம் குங்குமப் பொட்டோடு சாமுண்டி படத்தின் முன்னால் வரிசையாக இருந்தன. ஸ்கேனர்களின் பேட்டரியைக் கழற்றியது நானே. மெயின் ஸ்விட்ச்சை அணைத்தது ருத்ரண்ணா. காலி அட்டைப்பெட்டிகளை நசுக்கிக் கட்டாக்கும் பிரஸ் ஒன்று பின்கட்டில் உண்டு. அதன் சாவியும் சாமி தட்டில்.

என் யோசனை இதுதான். வேலையே நடக்காத நாளில் என்ன செய்தி வந்தாலும் அது குப்பை. யோசிக்காமல் வெட்டலாம்.

மத்தியானம் ஒரு மணிக்கு எல்லோரும் பொரியும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நானும் ருத்ரண்ணாவும் மட்டும். என் லேப்டாப் பேட்டரியிலும் போன் நெட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கிடங்கின் மேற்பார்வையாளர். ஐம்பது வயது, ஒல்லி. தினமும் பார்சல் தராசில் ஏறி நின்று, "அறுபத்தொண்ணு" என்று ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அன்று காலையிலும் ஏறினார். பிரஸ்ஸுக்கு மட்டும் இன்னும் பூசணிக்காய் உடைக்கவில்லை. வாங்கிவந்த காயை முதலாளி கார் சக்கரத்துக்கு உடைத்துவிட்டாராம். வேறு காய் வர வேண்டும்.

மூன்று மணிக்குள் முக்கால்வாசியை வெட்டியிருந்தேன். 3:05... சத்தமே இல்லை. ருத்ரண்ணா என் பக்கத்தில் உட்கார்ந்து பொரி கொறித்தார். கிடங்கு இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததே இல்லை என்றார்.

3:11. டிங்.

'பேக்கிங் 4: எடை 61 கிலோ.'

நாங்கள் விற்பதில் எட்டு கிலோவுக்கு மேல் பொருளே கிடையாது. ருத்ரண்ணா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அது நான்தான் குரு. காலையில ஏறி நின்னேன்ல? உன் மிஷினுக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு."

டிங். 'பேக்கிங் 4: பெட்டியில் அடங்கவில்லை.'

டிங். 'பேக்கிங் 4: பொருள் சேதம்.'

பேக்கிங் 4 என்றால் நான்காம் பேக்கிங் மேஜையின் ஸ்கேனர். திரும்பி அதைப் பார்த்தேன். சாமி முன்னால் வைத்த இடத்தில்தான் இருந்தது. பொட்டு கலையவில்லை. பேட்டரி தனியாகத் தட்டில்.

அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தேன். என் கடிகாரத்தில் 3:12. செய்திகளின் மேல் 3:26, 3:27 என்று இருந்தது. பதினைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. எங்கள் தொழிலில் இது தினசரிக் கோளாறு. ஏதோ ஒரு மிஷினில் கடிகாரம் பிசகியிருக்கும்.

ஒரு விதி எழுதினேன். இன்னும் வராத நேரத்தைப் போட்டுக்கொண்டு வரும் செய்தி எல்லாம் குப்பைக்குப் போகட்டும். சத்தம் போடாமல்.

3:13. அமைதி.

ருத்ரண்ணா முதுகில் தட்டினார். "வாயைக் கட்டிட்ட போ. என் பெண்டாட்டிக்கும் இப்படி ஒண்ணு எழுதித் தர்றியா?"

கேட்டில் பூசணிக்காய் வந்தது. வாங்கி, மேலே துளைபோட்டு, குங்குமம் கொட்டினார். தோளில் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். பிரஸ்ஸில் மேலிருந்து இறங்கி நசுக்கும் தகட்டுக்கு உள்பக்கமும் பொட்டு வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

3:26.

தட்!

காய் உடைந்துவிட்டது என்று நினைத்தேன்.

தட்!

பூசணிக்காய் ஒருமுறைதான் உடையும்...

ஓடினேன். பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. சாவி இல்லை. தகடு மேலே போனது. இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. ருத்ரண்ணா இடுப்பு வரை உள்ளே. தரையெல்லாம் குங்குமத் தண்ணீர். அதற்கு மேல் இன்னொரு சிவப்பு.

இரும்புக் கம்பியைத் தகட்டுக்கு அடியில் சொருகினேன். அது கம்பியைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தது. இரண்டு பல் போனது. மறுபடி சொருகினேன். கம்பி வளைந்தது. தகடு இறங்கியது.

நின்றது.

அவருக்கு உயிர் இருந்தது.

3:28. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். பக்கத்து ஷெட் ஆட்கள் ஜாக்கியோடு வந்தார்கள். தகடு அசையவில்லை. 3:37. மறுபடி போன்.

தகட்டின் இடுக்கில் அவர் முகம் தெரிந்தது. வலது கை வெளியே நீண்டிருந்தது.

கட்டைவிரல் மடங்கியது... நிமிர்ந்தது. மடங்கியது... நிமிர்ந்தது.

வலிப்பு என்று நினைத்தேன்.

போனை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன். கட்டைவிரலை என் உள்ளங்கைக்குள் இறுக்கி அடக்கினேன். "ஒண்ணும் இல்லண்ணா. அசையாதீங்க."

அவர் என்னையே பார்த்தார்.

3:41. கண் நிலைத்தது.

மின்கசிவு என்று முடித்தார்கள். இல்லாத மின்சாரம் எப்படிக் கசியும் என்று யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, மென்பொருளை வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. குப்பைப் பெட்டியைத் திறந்தேன்.

நான் விதி எழுதிய பிறகு அதில் விழுந்தவை, பேக்கிங் 4-லிருந்து நாற்பத்து மூன்று செய்திகள். எல்லாம் ஒரே செய்தி.

'ரத்து செய்க.'

ஸ்கேனரில் அதற்கான பொத்தான் பக்கவாட்டில் இருக்கும். கட்டைவிரலால் அழுத்த வேண்டும்.

செய்திகளின் மேல் இருந்த நேரம் 3:28-இல் தொடங்கியது. ஆனால் முதல் செய்தி என் லேப்டாப்பில் வந்து விழுந்தது 3:13. அப்போது ருத்ரண்ணா என் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

நாற்பத்து மூன்றாவதின் மேல் இருந்த நேரம் 3:38.

அதற்குப் பிறகு அவர் அழுத்தவில்லை. விரல் என் கைக்குள் இருந்தது.

பெட்டியில் கடைசியாக இன்னும் ஒரு செய்தி இருந்தது. நேரம் 3:41.

'பேக்கிங் 4: பேக்கிங் முடிந்தது.'