எஃபெக்ட்ஸ் என்றால் விளைவுகள் அல்ல

வெளிநாட்டில் வேலை செய்த இடத்திலேயே இறந்துபோன என் தங்கை கணவரின் பெட்டியை வாங்க, சிதம்பரத்திலிருந்து தங்கையோடு மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போடச் சொன்ன தாளில், ‘பர்சனல் எஃபெக்ட்ஸ்’ என்ற ஆங்கிலத்தின் கீழே தமிழில், ‘இறந்தவரின் தனிப்பட்ட விளைவுகளைப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பர்சனல் எஃபெக்ட்ஸ்னா அவரோட உடைமைன்னு அர்த்தம். விளைவுன்னு இல்ல.”

“எஃபெக்ட்னா விளைவு. எஸ் போட்டா விளைவுகள். இதுகூடவா சார் தெரியாது?” என்றார் எழுத்தர்.

இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிற என்னிடம்.

“எஸ் சேர்ந்தா அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற. ரெண்டு கைலி, ஒரு ஜோடி செருப்பு, ஒடைஞ்ச போன், இதெல்லாம் விளைவாய்யா?”

நான் கத்தியதில் வரிசையே திரும்பிப் பார்த்தது. திருத்தாமல் கையெழுத்துக் கிடையாது என்று பேனாவை மேசையில் வீசினேன்.

தங்கை அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“சரியாத்தான் போட்டிருக்காங்கண்ணா. வா, போலாம்.”

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் வேண்டாம் என்று அழ அழ, அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான்.