லீவர் கீழே இருந்தது

அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் முகத்துக்கு முந்திக் கைதான் நினைவுக்கு வருகிறது.

உடலை முன்னறையில் கிடத்தியபோது இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வைத்தார்கள். இடது கை வைத்த இடத்தில் இருந்தது. வலது கை மட்டும் மணிக்கட்டில் திரும்பி, உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது, எதையோ கேட்பதுபோல. பக்கத்து வீட்டுக்காரர் திருப்பி வைத்தார். அது மறுபடியும் திரும்பிக்கொண்டது. கடைசியில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

மாமா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. அவருடைய வலது மணிக்கட்டும் அதே மாதிரிதான் கோணல். கடைத்தெருவில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: "அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுத்தா, கூட ஒரு கையும் குடுக்கணும்."

எங்கள் ஊருக்கு முதலில் வந்த பஸ்ஸுக்கு ஊர் வைத்த பெயர் சண்டி. அதற்கு மனசு வந்தால்தான் கிளம்பும். இப்போது சாவியைத் திருப்பினால் போதும். அப்போது ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் துளையில் வளைந்த இரும்பு ஹேண்டில் ஒன்றைச் செருகி, ஒரு ஆள் குனிந்து நின்று சுற்ற வேண்டும். அந்த ஆள் அப்பா.

அதற்கு முன் அவர் குதிரை வண்டி ஓட்டினார். பஸ் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதுமே, மற்ற வண்டிக்காரர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, குதிரையை விற்றுவிட்டார். குப்பை வண்டி இழுக்க நகராட்சி வாங்கியது. வண்டிக்காரர்கள் இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. பஸ் முதலாளி மரக்கடை வைத்திருந்தவர். அப்பாவின் தோளை, தேக்குக் கட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்துவிட்டு வேலை கொடுத்தார். கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தார்.

"இன்னொரு பஸ் வாங்கப்போறேன். அப்ப இந்த டிரைவர் அதுக்குப் போயிடுவாரு, இந்த சீட்டு உனக்கு. ஆனா ரெண்டு கையும் உருப்படியா இருக்கணும். ஊனக் கையில என் பஸ்ஸக் குடுக்க மாட்டேன்."

அந்த சீட்டுதான் அப்பாவின் வாழ்க்கை. வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. குதிரைக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துப் பழகியவர். இப்போது தெருவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். மறுபடி ஏறி உட்கார வேண்டும்.

அப்போது சீட்டில் இருந்தவரை ஊர் தொரை என்று கூப்பிட்டது. ஊரிலேயே ஷூ போட்ட டிரைவர் அவர் ஒருவர்தான். அவருடைய ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன லீவர் இருந்தது. நான் இன்ஜின் படித்தவள், பம்ப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். லீவரை மேலே தள்ளினால் தீப்பொறி தாமதமாக விழும். கிளப்பும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். கீழே இழுத்தால் முன்கூட்டியே விழும், அது ஓடும்போது. கீழே இருக்கும்போது ஹேண்டிலைச் சுற்றினால், பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே வெடித்து அதைத் திருப்பி அடிக்கும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழலும். கை இன்ஜினோடு மோதும். கைதான் தோற்கும்.

காலையில் சண்டி கிளம்புவதுதான் கடைத்தெருவுக்கு வேடிக்கை. சலூன்காரர் பாதி முகத்துக்குச் சோப்புப் போட்டதோடு ஆளை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார். தையல்காரர் மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டிக்காரர்கள் சாட்டையை மடியில் போட்டுக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். பயணிகள் மூட்டையும் கோழியுமாக உள்ளே காத்திருப்பார்கள். அப்பா உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு குனிவார்.

சில நாள் ஒரே சுற்றில் கிளம்பிவிடும். அன்றைக்குத் தெருவுக்கு முகம் தொங்கிப்போகும். சில நாள் சண்டி உதைக்கும். அப்பா சேற்றில் போய் விழுவார்.

"என்னடா ஹேண்டிலு, ராத்திரி அவளோட சண்டையா?" என்று தொரை மேலேயிருந்து கேட்பார். தெரு சிரிக்கும்.

"குதிரை உதைக்குதுன்னுதானே வித்தே? இப்ப வாங்கு," என்பான் ஒரு வண்டிக்காரன்.

அப்பா பஸ்ஸுக்குக் குணம் இருப்பதாகவே நம்பினார். ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றினார். ராத்திரி சாக்கு போர்த்திவிட்டார். காலையில் பானட்டைத் தடவிக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "கெளம்புடி என் ராசாத்தி" என்றார். தையல்காரருக்குக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு அப்பா தெருவில் நடந்தால் யாராவது பின்னாலிருந்து அவர் குரலிலேயே ராசாத்தியைக் கூப்பிடுவார்கள். அம்மா கடைக்குப் போனாலும் கூப்பிடுவார்கள்.

மழை பெய்த ஒரு நாள் சண்டி உதைத்ததில் அப்பாவின் வலது மணிக்கட்டு போனது. துணி கிழிக்கும்போது நூல் தெறிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது என்று தையல்காரர் பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தொரை இறங்கி வந்து ஷூவில் சேறு படாமல் நின்று பார்த்தார். கை ஒரு பக்கமும் விரல்கள் வேறு பக்கமுமாகத் திரும்பியிருந்தன.

"இன்னொரு கை இருக்குல்ல? பாசஞ்சர் காத்திட்டிருக்காங்க, சுத்து."

அப்பா இடது கையால் சுற்றினார். கிளம்பியது. பஸ் போன பிறகு அவரே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்கு டாக்டர் இல்லை. கட்டுப் போடுகிற ஆள்தான் இருந்தார். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

கட்டுப் பிரித்ததும் அப்பா திரும்பி வந்து இடது கையாலேயே வேலை செய்தார். முதலாளி எதிரே வந்தால் வலது கையைத் துடைக்கிற துணிக்குள் சுற்றிக்கொள்வார். அப்படி ஒரு நாள் டிரைவர் சீட்டைத் துடைக்கும்போதுதான் லீவரைக் கவனித்தார். அன்றைக்கு அது கீழே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சண்டி உதைத்தது. மறுநாள் மேலே இருந்தது. உதைக்கவில்லை. அவர் படிக்காதவர்தான், ஆனால் இதற்குப் படிப்பு தேவையில்லை. அன்று முதல் தொரை ஏறி உட்கார்ந்த பிறகும் ஸ்டீயரிங்கைத் துடைக்கிற சாக்கில் போய், லீவரை மேலே தள்ளிவிட்டுத்தான் ஹேண்டிலை எடுத்தார்.

தொரை அதைப் பார்த்துவிட்டார். "கண்டுபிடிச்சிட்டியா?" என்று கேட்டாராம். "எதை?" என்றாராம் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்களாம். இந்த இடத்தை அப்பா எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். கை உடைந்த கதையில் அவருக்குப் பிடித்த இடம் அது.

புதிய பஸ் வந்தது. தொரை அதற்குப் போனார். அப்பா முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார். சீட்டு கிடைத்தது.

ஏறி உட்கார்ந்ததும் ஆள் மாறிவிட்டார். மாறினாரா, உள்ளே இருந்தது வெளியே வந்ததா, எனக்குத் தெரியாது. அவருடைய பழைய குதிரை குப்பை வண்டியை இழுத்துக்கொண்டு தெருவோரமாகப் போகும். அப்பா மெதுவாகப் பக்கத்தில் பஸ்ஸைக் கொண்டுபோய் ஹாரனை அமுக்குவார். குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கும், குப்பை தெருவெல்லாம் கொட்டும். வண்டிக்காரர்களே சிரித்தார்கள். அப்போதுதான் அவரைத் தங்களில் ஒருவராக மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஹேண்டில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. தன் தம்பியை வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா கேட்டாள். மாமா வந்தார். அப்போது அவருக்கு உலக்கை மாதிரிக் கை. சண்டியை ஒரே சுற்றில் எழுப்பிவிடுவார், தெரு வாசலுக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். ஆளில்லாத சாலையில் அப்பா அவரை ஓட்டவிட்டார், அதுவும் அம்மா சொல்லித்தான். மாமா ஓட்டினால் பள்ளம் தெரியவில்லை என்று பயணிகள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு முதலாளி காதுக்குப் போனது.

முதலாளி ஒரு சாயங்காலம் கடைத்தெருவில், எல்லோரும் இருக்கும்போது, அப்பாவின் கையைப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றிப் பார்த்தார். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் ஓட்டின? உன் மச்சான் கை நல்லா இருக்கே. அவனை உக்கார வச்சுப் பாக்கலாமா?"

அப்பா சட்டையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டாராம்.

மறுநாள் காலை சலூன்காரர் வாசலில் நின்று, "என்ன டிரைவரே, சண்டி உதைக்கிறதையே மறந்துட்டா போல. எங்களுக்குப் பொழுதே போகல," என்றார். அப்பா சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். மாமா ஹேண்டிலைச் செருகினார். கட்டைவிரலைச் சுற்றி மடக்கிப் பிடித்திருந்தார். அப்படிப் பிடிக்கக் கூடாது, உதைத்தால் கை விடுபடாது. அப்பா அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

சண்டி உதைத்தது. மணிக்கட்டை ஒட்டி முன்கையின் இரண்டு எலும்பும் போனது. மாமா தரையில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா மேலேயிருந்து கேட்டார்.

"என்ன மாப்ள, ராத்திரி அவளோட சண்டையா?"

மச்சானை மச்சான் கேலி செய்தால் சிரிப்பு இரண்டு மடங்கு. தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

சீட்டு அப்பாவிடமே இருந்தது. முதலாளி இரக்கப்பட்டு மாமாவைக் கண்டக்டராக்கினார். இடது கையால் டிக்கெட் கிழிக்கலாம். மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பின்னறையில் படுத்தார், எங்கள் தட்டில் சாப்பிட்டார். அவர் கையிலிருந்து சோறு சிந்தினால் அப்பா, "கோழிக்கும் சேத்துப் போடுறியா மாப்ள?" என்பார். நாங்கள் பிள்ளைகளும் சிரித்தோம். அம்மாவும் சில நாள் சிரித்தாள்.

மாமாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் காலையில், ஹேண்டில் போடுகிற புது ஆள் குனிவதற்கு முன், டிரைவர் பக்கத்துப் படியில் ஏறி, அப்பாவின் மார்புக்குக் குறுக்கே சாய்ந்து, அந்தக் கோணல் கையால் லீவரை மேலே தள்ளுவார். ஏற்கனவே மேலே இருந்தாலும் தொட்டுத் தள்ளுவார். பிறகு இறங்கிப் போய் விசில் ஊதுவார். அப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சண்டியை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். அடுத்து வந்த பஸ்ஸில் சுவிட்சு, லீவரே கிடையாது. மாமா அப்போதும் ஏறிக் குறுக்கே சாய்ந்து, லீவர் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுவிட்டு இறங்கினார். அப்பா ஓய்வு பெறும்வரை ஒரு நாள் தவறவில்லை. ஏதோ வேண்டுதல் என்று நான் நினைத்திருந்தேன்.

டிப்ளமா படிக்கும்போது பழைய இன்ஜின்கள் பற்றி ஒரு பாடம் வந்தது. படத்தில் அந்த லீவர் இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அருகில் இல்லை.

"மாமா கை உடைஞ்ச அன்னைக்கு லீவர் எங்கப்பா இருந்துச்சு?"

மென்று விழுங்கினார். "கீழ."

"சீட்டு போயிடும்னா?"

"அதுவுந்தான்." தண்ணீர் குடித்தார். "தெரு பாத்துட்டு இருந்துச்சு."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெனமும் காலைல வந்து சொல்லிட்டுத்தானே போறான்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அவள் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள்.

அப்பாவை எடுத்துப்போக வேன் வந்தது. ஊர் ஆட்கள் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். துண்டு நழுவி, வலது கை மறுபடி உள்ளங்கையைக் காட்டியது. நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மாமாவைத் தேடினால், வேன் டிரைவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் குழம்பிப்போய் கீழே இறங்கினான். மாமா மெல்லப் படியைப் பிடித்து ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தார். வலது கை மூடவில்லை. பிறகு அந்தக் கை ஸ்டீயரிங்குக்குக் கீழே போய்த் தடவியது.

"என்னங்கய்யா தேடுறீங்க?" என்றான் டிரைவர்.

"ஒரு லீவர் இருக்கும்."

"இதுல அதெல்லாம் கெடையாதுங்க. சாவிதான்."

மாமா தலையை ஆட்டினார். ஆனால் இறங்கவில்லை. வெளியே கடைத்தெரு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் அதில் யாரும் இல்லை. மாமா கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தார், நேரமெடுத்து, ஒவ்வொருவராக. பிறகு தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியைத் திருப்பி, பின்னால் கிடந்த அப்பாவைப் பார்த்தார்.

"அத்தான்," என்றார். "ஏறிட்டேன்."

டிரைவர் பையன் என்னைப் பார்த்தான். கொஞ்சம் இருக்கட்டும் என்று கை காட்டினேன்.