சேலைத்துண்டால் கட்டிய கார் இருக்கை

இன்று பூசை முடிந்து வெளியே வந்தால், மரியதாஸ் தன் ஒரு வயது மகளைக் குழந்தை இருக்கையில் வைத்துச் சேலைத்துண்டால் கட்டுகிறான். இருக்கைப் பட்டியின் பூட்டு உடைந்துவிட்டதாம்.

"தம்பி, இது பிள்ளையோ பார்சலோ?" என்றேன்.

"நான் வேலைசெய்யிற வீட்டு வெள்ளைக்காரச் சினோரா தந்தது, அப்பு. எறிஞ்சால் அவ மனம் நோகும். கிட்ட இருக்கிற மொண்டெல்லோக் கடற்கரைக்குத்தானே போறம், மாதா பாத்துக்கொள்ளுவா."

"மாதா பாத்துக்கொள்ளுவா. பிரேக் அடிக்கப்போறது நீ."

காருக்கு முன்னால் போய் நின்றேன். ஹோன் அடித்தான். நான் அசையவில்லை. கடைசியில் அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

சனத்துக்கு முன்னால் அவனை அவமானப்படுத்திவிட்டேனாம். அடுத்த ஞாயிறும் அந்தச் சேலைத்துண்டைக் கண்டால் அங்கேதான் நிற்பேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது, மகள்தான் ஃபோனிலை தட்டுகிறாள். என்னைத் திட்டுறவை கீழை எழுதுங்கோ, வாசிச்சுச் சொல்லுவாள். அதுக்கு முதல் உங்கடை காரிலை பிள்ளையின்ரை பூட்டை ஒருக்கால் இழுத்துப் பாருங்கோ.