கவுண்டரில் கொடுக்காத ஃபோன்

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என்னை ஆறு தடவை பெண் பார்த்தார்கள். ஆறு தடவையும் கேசரி நன்றாக வந்தது. பதில்தான் சரியாக வரவில்லை. வந்த பதிலும் நேராக வராது. தரகர் மாமா சைக்கிளை விட்டு இறங்காமலே, வாசற்படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஜாதகம் சேரலையாம்" என்பார். ஜாதகம் சேர்ந்த பிறகுதானே பார்க்கவே வந்தார்கள் என்று கேட்டால், பெண்ணுக்கு வாய் நீளம் என்று அதையும் சேர்த்துக்கொள்வார்கள். என்னை உட்காரவைத்துப் பார்த்துவிட்டுப் போனவன், தெருமுனை தாண்டியதும் என்னைப் பற்றி என்னதான் சொல்லியிருப்பான்? ஒரே ஒரு தடவையாவது அதை நேராகத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். கல்யாணம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஏழாவது வரனுக்கு அப்பா உஷாராகிவிட்டார். "இனிமே ஆத்துல வேண்டாம், கோயில்ல வச்சுக்கலாம்" என்றார். கோயிலில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்கலாம், தற்செயலாகப் பேசலாம், பெண் தற்செயலாகப் பட்டுப்புடவையில் இருக்கலாம். வேண்டாம் என்று ஆனாலும் தெருவுக்குத் தெரியாது. கேசரி கிண்டும் வேலை மிச்சம் என்று அம்மாவுக்கும் திருப்தி.

பையனுக்கு ஊருக்கு வெளியே, கழக்கூட்டம் என்கிற இடத்தில், ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. ஆனால் ஆளைப் பற்றி எங்களுக்கு வந்த முதல் தகவல் அவர் கையிலிருந்த ஃபோனைப் பற்றித்தான். "சாதா ஃபோன் இல்லையாக்கும்" என்றார் தரகர் மாமா. "தொட்டாலும் வேலை செய்யும். பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளினா, அடியிலேந்து டைப்ரைட்டர் மாதிரி எழுத்தெல்லாம் வெளியே வரும்." யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஒரு ஃபோனுக்கு எதற்கு இரண்டு வழி என்று கேட்டேன். "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குமோல்லியோ" என்றார். எதையும் முழுசாக நம்பாத ஆள் என்று எனக்கு அப்போதே பட்டது.

கோயிலின் கிழக்கு நடைவாசலில் தற்செயலாகச் சந்தித்தோம். அவருடைய அப்பாவும் அம்மாவும் வந்து பேசினார்கள். அவர் கவுண்டர் வரிசையில் நின்றிருந்ததால் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கோயிலுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஆண்கள் சட்டையையும் கழற்ற வேண்டும் என்பதால் ஒளித்துக் கொண்டுபோகப் பாக்கெட்டும் கிடையாது. "நீங்க முன்னாடி போங்கோ, இதோ வந்துடறேன்" என்று அந்த முதுகு சொன்னது.

உள்ளே போய் நின்றோம். வரவில்லை. அவருடைய அப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கச் செய்தி கொண்டுவருகிற மாதிரி திரும்பி வந்தார். "ஃபோனைக் கவுண்டர்ல குடுக்க அவனுக்கு மனசு வரலை. மத்த ஃபோனோட சேத்து வச்சா ஸ்க்ரீன்ல கீறல் விழுமாம். வெளியிலேயே நிக்கறான்." என் அப்பா "சாரமில்லை, பரவாயில்லை" என்று வாயால் சொன்னார்; முகம் வேறு என்னவோ சொன்னது. நான் சந்நிதியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எங்கள் பெருமாள் மூன்று வாசல் வழியாக மூன்று பகுதியாகத்தான் காட்சி கொடுப்பார். பெண் பார்க்க வந்தவர் அந்த அளவுக்குக்கூடக் கொடுக்கவில்லை.

வெளியே வந்தால், குளத்துக் கம்பி ஓரத்தில் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபோனும் கையுமாக நிற்கிறார். ஃபோனை டக் என்று திறப்பதும் டக் என்று மூடுவதுமாக இருந்தார். அவருடைய அம்மாவுக்கு எங்கள் முன்னால் தாங்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு, நீயும் போய் ஒரு தடவை தொழுதுட்டு வாடா" என்றாள்.

"ஃபோனு?" என்றார்.

பிறகு எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் அப்பா கையில் எண்ணெய்ப் பிரசாதம். அவர் அம்மா கையில் பால்பாயசத் தூக்கு. என் அப்பா அம்மாவை ஏன் நம்பவில்லை என்று தெரியாது. கடைசியில் பார்வை என்னிடம் வந்தது. என் விரலில் சந்தனம் இருந்தது. முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துவிட்டு நீட்டினேன். என் அம்மாவின் பட்டுப்புடவை அது. அம்மா பல்லைக் கடித்தாள். அவர் ஃபோனை என் உள்ளங்கையில் வைத்து, "பாத்துக்குங்கோ. தொறக்க வேண்டாம், கேட்டேளா? ஸ்லைடு லூசாயிடும்" என்றார். என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. தலையை ஆட்டினேன்.

பெரியவர்கள் தற்செயலாகத் தள்ளிப் போய்விட்டார்கள். அவர் நடைவாசல் கூட்டத்தில் மறைந்தார். மறைந்ததும் திறந்தேன்.

திறக்காதே என்றால் பிறகு என்னதான் செய்வது? நல்ல பீரோவின் இழுப்பறை போல வழுக்கிக்கொண்டு வந்து, டக் என்று நின்றது. மூடினேன். இன்னொரு தடவை திறந்தேன். குட்டிக் குட்டி எழுத்தாக மூன்று வரிசை. ஏன் இந்த மனுஷர் இதைக் கீழே வைக்காமல் அலைகிறார் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அந்த நேரம் பார்த்து ஃபோன் கையில் ஒரு நடுக்கம் நடுங்கி, திரையில் ஒரு வரி வந்து நின்றது. இங்கிலீஷ் எழுத்தில் மலையாளம்: பெண்ணு எங்ஙனே உண்டு?

அவரோடு வேலை பார்க்கிற யாரோ கேட்கிறார், பெண் எப்படி என்று. ஆறு தடவை எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தவித்தேனோ, அதே கேள்வி என் கையிலேயே வந்து விழுந்திருக்கிறது. தூங்குகிற குழந்தை இருக்கும் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி, இரண்டு கையாலும் மெதுவாக மூடினேன்.

அவர் சீக்கிரமே வந்துவிட்டார். அந்தக் கோயிலில் அவ்வளவு சீக்கிரம் தொழுது திரும்ப முடியாது. நெற்றியில் சந்தனமும் இல்லை. பையனுக்குப் பக்தி போதாது என்று என் அப்பா அன்று ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவா கவலை?

"தொறக்கலையே?"

"சே, இல்லை" என்றேன்.

ஃபோனை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அந்த வரியைப் படித்தார். ஒரு தள்ளு தள்ளித் திறந்து, இரண்டு கட்டைவிரலாலும் தட்ட ஆரம்பித்தார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன். எட்டிப் பார்க்க முடியவில்லை, மானம் தடுக்கிறது. நன்றாயிருக்கிறாள் என்பதற்குக் கொள்ளாம் என்று ஒரு வார்த்தையில் முடிகிற பதில்; இவரோ தட்டுகிறார், தட்டுகிறார், தட்டிக்கொண்டே இருக்கிறார். அப்படி என்னதான் குறை என்னிடம் என்று அழுகையே வந்தது. டக் என்று மூடிவிட்டு, "அப்போ சரி, பாக்கலாம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த வாரமே தரகர் மாமா சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே வந்தார். கல்யாணம் ஆயிற்று. ஆன கையோடு கேட்டேன், அன்றைக்கு என்ன பதில் அனுப்பினீர்கள் என்று. "எந்த மெசேஜ்?" என்றார். இன்னொரு நாள் கேட்டேன். ஃபார்மட் பண்ணினபோது போய்விட்டது என்றார். சண்டை போட்டுக் கேட்டேன். "ஏதோ நல்லதாத்தான் எழுதியிருப்பேன், விடேன்" என்றார். வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறவரிடம் எத்தனை வருஷம் கேட்பது? விட்டுவிட்டேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன ஓணத்துக்கு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர், ஒரு மலையாளி, பெங்களூரிலிருந்து சாப்பிட வந்தார். கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. இலை போட்டுச் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தேன். இவர் பெருமையாக, பீரோவில் என் கூரைப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற அந்த ஃபோனை எடுத்துவந்து காட்டினார். திரை எப்போதோ செத்துவிட்டது. ஸ்லைடு மட்டும் இன்றைக்கும் லூசாகவில்லை.

நண்பர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "இந்த சாதனம் காரணம் அல்லே அன்னிக்கு இவன் அம்பலத்துக்குள்ள போகாதிருந்தது?"

"முதல்ல கோயிலுக்குள்ள போகலை. அப்புறம் என் கையில குடுத்துட்டுப் போனாரே" என்றேன்.

"எங்க போனான்? சேச்சிக்கு அறியாதா? போகவே இல்ல. நடைவாசல்ல ஒரு தூணுக்குப் பின்னால நின்னு சேச்சியையே பாத்துட்டு இருந்தான்."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. இவர் இலையிலிருந்த இஞ்சிப்புளியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவருக்குப் பெண்ணு எங்ஙனேன்னு மெசேஜ் அனுப்பினது நீங்கதானா? என்ன பதில் வந்தது?" என்று நேராகவே கேட்டேன்.

அது நண்பருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்ததாம். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "தொறக்காதேன்னு சொன்னேன், தொறந்தா. கேட்டேன், இல்லேன்னா. ஆனா மூடினது பதமா. மதி."

மதி என்றால் போதும். இலைமேல் கையை நீட்டி, சோறு மதி என்பார்களே, அந்த மதி. ஆறு வரனுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நேரடியான தீர்ப்பு அதுதான். படித்த படிப்பைப் பற்றி இல்லை, முகத்தைப் பற்றி இல்லை, பட்டுப்புடவையைப் பற்றி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே வந்து கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. சந்தோஷத்தைக் காட்டுவேனா? நண்பருக்கு மட்டும் இரண்டாம் தடவை பாயசம் விட்டேன்.

அவர் கிளம்பிப் போனதும் இவரைப் பிடித்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து புது ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தூணுக்குப் பின்னால நின்னு அவ்வளவு நேரம் எதைப் பாத்தேள்? ஃபோனையா, என்னையா?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ரெண்டும் ஒரே இடத்துலதானே இருந்தது."