திருப்பாத பலகை

மரவாடியில் அவரைச் 'சாக்பீஸ்காரர்' என்றால்தான் தெரியும். காதுமேல் ஒரு மஞ்சள் சாக்பீஸ், கையில் அளவுகோல். அறுத்து வரும் பலகைகளுக்குத் தரம் போடுவது அவர் வேலை.

பலகைக்கு இரண்டு முகம் உண்டு. அதில் எது மோசமோ, அதை வைத்துத்தான் தரம். மேல்பக்கம் வழவழவென்று இருந்து என்ன பிரயோஜனம், அடியில் கணுவும் வெடிப்பும் இருந்தால்? அந்தப் பக்கத்தில் கணு படாமல் எத்தனை நல்ல துண்டு தேறும் என்று பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் எழுத வேண்டும்; ஒன்றுதான் உசத்தி. இருபத்தாறு வருஷமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்த மனுஷர் அவர்.

பலகையைத் திருப்பிப் போடுவது அவர் தங்கை புருஷன். இவர் சிபாரிசில் சேர்ந்தவன். வாயில்லாப் பூச்சி. ஒவ்வொரு பலகையையும் புரட்டிவிட்டு "திருப்பியாச்சு" என்பான். வேறு பேச்சு கிடையாது.

அன்றைக்கு அவருக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. போதாததற்கு முதலாளி வேறு அவசரப்படுத்தினார். பாதி அடுக்கு முடிந்ததும், "திருப்ப வேண்டாம் மாப்பிள்ளை, அறுத்த முனையில தெரியற வரியைப் பார்த்தே அடிப்பக்கத்தைச் சொல்லிடுவேன்" என்றார். எல்லாம் தலைக்கனம்!

"வேண்டாம் மச்சான், திருப்பிடறேனே" என்றான் அவன்.

"எனக்கே சொல்லித் தரியா?" என்று ஒரு அதட்டல் போட்டார். மீதிப் பலகைகள் அத்தனைக்கும் மேல்முகத்தை மட்டும் பார்த்து 'ஒன்று' போட்டார்.

பத்து நாளில், மாடிப்படி செய்ய வாங்கிப்போன தச்சர் ஒரு பலகையைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு உளுத்த கணு. முதலாளி இவரைக் கேட்கவே இல்லை. இவராவது, தப்புப் பண்ணுவதாவது! நேரே மாப்பிள்ளையிடம் திரும்பி, "திருப்பினியா?" என்றார்.

அவன் மச்சானை ஒரு தடவை பார்த்தான். "இல்லீங்க. திருப்பாமலே திருப்பியாச்சுன்னு சொல்லிட்டேன்."

அப்போதே இவர் வாயைத் திறந்திருக்கலாம். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி அவனை அனுப்பும்போதும், கையிலிருந்த சாக்பீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தங்கை வந்தாள். வாசற்படி ஏறும்போதே அழுகை. "அண்ணே, நீங்க வாங்கிக் குடுத்த வேலையில உங்க பேரையே கெடுத்துட்டாரு. அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கைகூப்பினாள்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாக்கலாம், போ" என்றார். பெரிய உபகாரி! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

காலையில் முதலாளி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையை உடனே கூப்பிடச் சொல்லிவிட்டு, "மிச்சம் இருக்கறதை ரெண்டு பேரும் முதல்லேர்ந்து பாருங்க" என்றார். எதிரும் புதிருமாக நின்று பார்த்தார்கள். 'ஒன்று'களை ஈரத்துணியால் துடைத்து 'மூன்று' என்று எழுதிக்கொண்டே போனார்.

மத்தியானம் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "வீட்டுல நீங்க பேசித்தான் வேலை திரும்பக் கிடைச்சுதுன்னு சொல்லியிருக்கேன். உங்க தங்கச்சிக்கு ரொம்ப சந்தோஷம் மச்சான்."

வேலை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் முகமெல்லாம் மலர நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"உன் புருஷன் மேல தப்பே இல்லம்மா. திருப்ப வேண்டாம்னு சொன்னது நான்தான்."

மாப்பிள்ளை சட்டென்று உள்ளே போய்விட்டான். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நேத்து நான் கும்பிட்டு நின்னப்போ ஏண்ணே சொல்லல?"